எட்டு டிகிரி

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு படி மட்டும் முக்கால் அங்குலம் உயரம் அதிகம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இடறுவார்கள். நீங்களும் இடறினீர்கள், சத்தம் கேட்டது. கட்டினவனைத் திட்டி என்ன பயன், அளந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில் வேலை அப்படித்தான் நடக்கும். உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணைக்காரர் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரே ஆள் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தால் டீ நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த டீயை நானும் குடித்திருக்கிறேன். யாரும் பார்க்காத நேரத்தில் என் தம்பி காலை மடக்கி உட்காருகிறானா என்று பார்க்க வந்தீர்கள். தப்பில்லை, உங்கள் வேலை அது. நானும் செக்கிங்கில்தான் இருக்கிறேன்.

தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம். சட்டை தைத்து முடிந்து என் மேசைக்கு வரும். காலர், கை, பட்டன் இடைவெளி எல்லாவற்றையும் டேப் வைத்துப் பார்த்துத்தான் விடுவேன். கால் அங்குலம் தவறினாலும் திரும்பிப் போகும். 'ஸ்கேல் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிண்டலுக்குத்தான். சூப்பர்வைசரே ஒரு தடவை, "போட்டுக்கப் போறவனுக்கே தெரியாதுக்கா, விட்டுடுங்களேன்" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்டதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் தம்பி நடிக்கிறான் என்று நீங்கள் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. அவனுடைய வலது முழங்கால் எட்டு டிகிரிதான் மடங்கும். மெடிக்கல் போர்டு அளந்தது எட்டு. வேண்டுமானால் உள்ளே போய் நீங்களே அளந்து பாருங்கள், பாகைமானி அலமாரியில் இருக்கிறது. ஒன்பது வராது. அதற்கு நான் உத்தரவாதம்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார். எனக்கு வரன் வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியாக வந்தவர், "தம்பியை ஹாஸ்டல்ல விட்டுடலாமே" என்றார். அதோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. இதைத் தியாகம், அது இது என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அவனிடமும் சொல்லிக்காட்டியதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை சொல்லியிருப்பேன், அதற்கு மேல் இல்லை.

அவன் பார்சல் டெலிவரி செய்துகொண்டிருந்தான். ஓர் இடத்தில் உட்கார மாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி. காலில் சக்கரம் என்பார்களே, அவனுக்கு நிஜமாகவே இரண்டு சக்கரம் கிடைத்துவிட்டது. வண்டி சத்தத்தை வைத்து அவன் எந்தத் தெருமுனையில் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். போன வருடம் மார்ச் இரண்டாம் தேதி, ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் பின்னால் பார்க்காமல் சந்திலிருந்து ரிவர்ஸ் எடுத்தது. தம்பி நேராகத்தான் வந்தான், ஹெல்மெட் போட்டிருந்தான். தப்பு முழுக்க வேன்காரன்மேல். அதில் உங்கள் கம்பெனிக்கே தகராறு இல்லை. முழங்காலை ஒட்டி எலும்பு நான்கு துண்டு. ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று அவனை எக்ஸ்ரே எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். டாக்டர் அவசரமாக வந்து, அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் அங்கேதான் ஆரம்பம் என்று சொல்லலாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி சொல்வது, வக்கீல் சொல்வது, வெளியில் யார் என்ன சொன்னாலும் என் வழியாகத்தான் அவனுக்குப் போகும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அவனால் இறங்க முடியாது. வேறு எப்படிப் போகும்?

டாக்டர் சொன்னது இதுதான். பிளேட் நன்றாகப் பிடித்திருக்கிறது. இனிமேல் காலை மடக்க ஆரம்பிக்க வேண்டும். தொடையிலிருந்து கணுக்கால் வரை போடுகிற பெல்ட் ஒன்று கொடுத்தார். முட்டிக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் இருக்கும், அதில் பூஜ்யம், முப்பது, அறுபது, தொண்ணூறு என்று எண். பூஜ்யத்தில் வைத்தால் கால் நேராகப் பூட்டிக்கொள்ளும். முப்பதில் வைத்தால் முப்பது டிகிரி வரை மடங்க விடும். வாரா வாரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும், வீட்டுக்கே ஒரு பிசியோ அம்மா வருவார் என்றார். எவ்வளவு நல்ல சாமான் தெரியுமா சார் அது. அளவு துல்லியம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

பிசியோ அம்மா வந்தார். வெடுக்கென்று பேசுவார், ஆனால் கைப்பழக்கம் நன்றாக இருந்தது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதுன்னு சொல்வாங்க இல்ல? முட்டிக்கு அந்த அஞ்சு, அஞ்சு வாரம்தான். இப்ப வலிக்குதுன்னு விட்டீங்கன்னா உள்ள ஒட்டிக்கும், அப்புறம் யார் வந்தாலும் வளையாது" என்றார். முதல் நாளே முப்பது வரை கொண்டுவந்துவிட்டார். தம்பி கத்தினான். கத்தி முடித்ததும் சிரித்தான்.

பிறகு வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் மேசை முழுக்கக் கட்டுக் கட்டாக விபத்துக் கேஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சட்டம் வலியைப் பெரிசாப் பார்க்காதும்மா. வலி போயிடும்னு சொல்லிடும். கடைசியில என்ன மிச்சம் நிக்குதுன்னுதான் பார்க்கும். கால் நல்லா மடங்கிடுச்சுன்னா, குணமாகிட்டார்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. மடங்கலைன்னா ஊனம் எத்தனை சதவீதம், இனிமே வண்டி ஓட்ட முடியுமா, ஆயுசு முழுக்க எவ்வளவு இழப்புன்னு கணக்கு வேற மாதிரி போகும்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஆனா சிகிச்சை வேண்டாம்னு தம்பி எங்கேயும் மறுத்திருக்கக் கூடாது. மறுத்தார்னா எதிர்க்கட்சி அதையே பிடிச்சுக்கும். நீயா கெடுத்துக்கிட்டதுக்கு நாங்க ஏன் கொடுக்கணும்னு கேப்பாங்க."

நியாயமான பேச்சு. கீழே இறங்கும்போது அவருடைய குமாஸ்தா பின்னாலேயே வந்தான். "அக்கா, போர்டு அன்னைக்கு மட்டும் தம்பியைக் காலை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அறுபது மடங்குதுன்னா இருபதோட நிறுத்திடணும். கொஞ்சம் முகத்தைச் சுளிக்கணும். எல்லாரும் பண்றதுதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் பொய்க் கேஸ் நடத்தியதில்லை. நல்ல காலை ஊனம் என்று சொல்லி நஷ்டஈடு வாங்குவது திருட்டு. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே யோசனை. தம்பிக்குச் சேர வேண்டியது குறையக் கூடாது. அவன் நடிக்கவும் கூடாது. இரண்டும் நடக்க வேண்டும் என்றால் கால் மடங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கு நேராக இருந்தது.

அன்று சாயங்காலம் பெல்ட்டின் இரண்டு சக்கரத்தையும் பூஜ்யத்தில் வைத்து, மேலே காடாத் துணியை மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கையால் போட்ட தையல்தான், ஆனால் மிஷின் போட்ட மாதிரி இருக்கும். "எதுக்குக்கா?" என்று கேட்டான். "பிளேட் சரியா ஒட்டலையாம்டா. மடக்கினா உடைஞ்சிடுமாம், மறுபடி வெட்டித்தான் எடுக்கணுமாம். டாக்டர் சொல்லிட்டார்" என்றேன்.

இது பொய். ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், நான் சொன்னது ஒன்றே ஒன்று.

பிசியோ அம்மா அடுத்த தடவை வந்து பெல்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது படியிலேயே நிறுத்தி, ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அதைப் பொய்யில் சேர்க்க முடியாது. ஏற்பாடு செய்யலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் சில வாரம் கஷ்டம்தான். அவன் பொறுமை இல்லாதவன். நான் வேலைக்குப் போனதும் என்னவாவது செய்து பார்ப்பான். ஒரு நாள் வந்து பார்த்தால் ஒரு பக்கத்துத் தையலில் பாதி பிரிந்திருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு நூலாக வெட்டியிருக்கிறான். நான் திட்டவில்லை. கெட்டி நூலாகப் பார்த்து மறுபடி தைத்தேன். நகவெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் நகத்தை நானே வெட்டிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பெனியில் துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டி இருக்கும், தெரியுமா, தட்டையாக இருக்கும். அதை வைத்து பெல்ட் பட்டையின் ஓரத்திலிருந்து அவன் தோல் வரை ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். வீக்கம் குறைகிறதா என்று பார்க்க என்று சொல்லியிருந்தேன். பெல்ட்டைக் கழற்றி மாட்டினால் கோடு சேராது. சாயங்காலம் வந்தவுடன் முதலில் கோட்டைப் பார்ப்பேன். சேராத அன்று ஒன்றும் சொல்ல மாட்டேன். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, அவனிடம் பேசாமல் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவனால் எழுந்து வர முடியாது, நான் பேசாவிட்டால் இந்த வீட்டில் வேறு குரல் கிடையாது. மூன்று நாள் அப்படி இருந்தேன். நான்காவது நாளிலிருந்து கோடு சேர ஆரம்பித்துவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவனை நாற்காலியில் வைத்து இறக்க நான்கு ஆள் தேவை. நான் மட்டும் போனேன். டாக்டருக்கு அன்று ஏகப்பட்ட கூட்டம். "மடக்குறாரா?" என்று கேட்டார். "முயற்சி பண்றான் டாக்டர்" என்றேன். அது சத்தியமான உண்மை. முயற்சி செய்தான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? "தொடரச் சொல்லுங்க, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்று அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

மூன்றாவது மாதம் கூட்டிக்கொண்டு போனேன். பெல்ட்டைக் கழற்றினார்கள். அதற்கு முதல் நாளே துணியைப் பிரித்துச் சுத்தமாக்கி வைத்திருந்தேன். டாக்டர் காலை மடக்கப் பார்த்தார், மரக்கட்டையை மடக்குகிற மாதிரி இருந்தது. தம்பி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "என்னங்க இது, பிசியோ பண்ணவே இல்லையா?" என்று அதட்டினார். தம்பி, "நீங்கதானே சார்..." என்று ஆரம்பித்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் நிறுத்திவிட்டான். டாக்டர் எரிச்சலில் என்னவோ எழுதினார்.

வெளியே வந்ததும், "ஏன்க்கா அவர் அப்படிக் கேட்டார்?" என்றான். "அவங்க தப்பு வெளிய வந்துடக் கூடாதுன்னு இப்ப உன் மேல போடறாங்க. பெரிய இடம், அப்படித்தான்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம், "நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவன் வாயால் சொன்னது.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். இவன் பார்சல் கொண்டுபோகிற இடத்தில் பழக்கம். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பாள். ஆரம்பத்தில் வாரம் இரண்டு தடவை வந்தாள். ஒரு நாள் படியில் அவளிடம், "இந்த நிலைமையில உன் முன்னாடி படுத்திருக்க அவனுக்குக் கூச்சமா இருக்கும்மா" என்றேன். எந்த ஆம்பிளைக்கு இருக்காது? அவள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தம்பி கேட்டபோது, "அந்தப் பொண்ணு இந்த வாரமும் வரலையேடா" என்றேன். அவள் வரவில்லைதானே. இரண்டும் உண்மை. ஃபோனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பிறகு இவன்தான் எடுப்பதை நிறுத்தினான். மடங்காத காலோடு ஒருத்தியை எதற்குக் கட்டிப்போட வேண்டும் என்று அவனே முடிவு செய்தான். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது வேறு ஊரில் இருக்கிறாளாம்.

எட்டாவது மாதம் மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். குமாஸ்தா முந்தின நாளும் ஃபோன் செய்து, "சொல்லிக் கொடுத்துட்டீங்களாக்கா?" என்றான். "எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணுமில்லை" என்று வைத்துவிட்டேன். தம்பியிடம், "உன்னால முடிஞ்ச வரைக்கும் மடக்குடா, ஒண்ணையும் மறைக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினேன். கதவு திறந்திருந்தது, நான் வெளியிலிருந்து பார்த்தேன். அவன் முழு பலத்தையும் போட்டு மடக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. ஒரு டாக்டர் மேலே அழுத்தினார். அப்போது ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாலு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். எட்டு டிகிரி. அளந்தவர் இரண்டு தடவை அளந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஒரு துளி நடிப்பில்லை, ஒரு இடத்தில்கூடக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் என் மேசைக்கு அப்படி ஒரு பீஸ் வந்ததில்லை. திரும்பி வரும்போது, "நான் நல்லாத்தானே முயற்சி பண்ணேன்க்கா?" என்று கேட்டான். "ரொம்ப நல்லா பண்ணேடா" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அன்று போர்டு டாக்டர்களில் வயதில் சின்னவர் ஒருவர் வெளியே வந்தார். தம்பி உள்ளே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். மறுபடியும் வராந்தா, மறுபடியும் நான்தான். "உள்ள ஒட்டினதை ஒரு ஆபரேஷன் பண்ணிப் பிரிச்சு விடலாங்க. தொண்ணூறு வரைக்கும் வர நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா அடிபட்டு ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள பண்ணிடுங்க, தள்ளத் தள்ளத் தசை சுருங்கிடும், அப்புறம் பிரிச்சும் பிரயோசனம் இல்லை" என்று ஒரு கடிதமும் கொடுத்தார். நல்ல மனிதர். கடிதம் என் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தீர்ப்பு வந்ததும் தம்பியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஏனென்றால் நடுவில் கால் சரியாகிவிட்டால் போர்டு எழுதியது பொய்யாகிவிடும். தீர்ப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. விபத்து நடந்து இப்போது பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கோர்ட் வேகம் என் கையிலா இருக்கிறது?

சரி, இப்போது ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். அந்த மூன்றாம் மாதச் சீட்டில் டாக்டர் எழுதியது உங்களிடம் இருக்கிறது. 'நோயாளி பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை.' அதை வைத்து, அவன் தானே காலைக் கெடுத்துக்கொண்டான், நஷ்டஈட்டைக் குறையுங்கள் என்று கேட்கப் போகிறீர்கள். வக்கீல் சொன்னார். அதனால்தான் உங்களை நானே கூப்பிட்டேன். அவன் எந்தச் சிகிச்சையையும் மறுக்கவில்லை. மறுக்கவோ ஏற்கவோ அவனுக்கு எதுவும் சொல்லப்படவே இல்லை. செய்தது முழுக்க நான். ஆக அவன் உரிமை அப்படியே நிற்கிறது. குறைக்க உங்களுக்கு வழியில்லை. தெளிவாக எழுதுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டதற்காக எனக்கென்று ஒரு தொகை வக்கீல் கேட்டிருக்கிறார், அதை அடித்துவிடச் சொல்லிவிட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ளக் காசு வாங்குகிறவள் இல்லை நான்.

படித்துக் காட்டுங்கள். ம். சரி. ம். அந்த இடத்தில் நிறுத்துங்கள். 'நஷ்டஈடு குறையக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, வக்கீலைச் சந்தித்த பிறகு.' நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இரண்டு தாளை எடுத்து என் முன்னால் வைக்கிறீர்களே, என்ன அது?

வக்கீலுக்கு நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள், ஏப்ரல் ஒன்பது. ஆமாம், அன்றுதான் முதன்முதலாக அவரைப் பார்த்தேன். இது பிசியோ அம்மாவின் நோட்டு. மார்ச் இருபத்து மூன்று, முப்பது டிகிரி. மார்ச் இருபத்தாறு, 'பெல்ட்டில் துணி வைத்துத் தைத்திருக்கிறது, அக்கா இனி வர வேண்டாம் என்றார்.'

ஒத்துவரவில்லை. பதினான்கு நாள் வித்தியாசம். இப்படி ஒரு பீஸ் என் மேசைக்கு வந்தால் நான் விடுவேனா? விட மாட்டேன். நோட்டுதான் சரி, சார். என் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் இருபத்து நான்காம் தேதி அந்தப் பெண் வந்திருந்தாள். முந்தின நாள் முப்பது டிகிரி வந்துவிட்டது என்று தம்பி ஃபோனில் சொல்லியிருக்கிறான், அந்தச் சந்தோஷத்தில் ஓடி வந்தாள். கையில் ஒரு சாவி. அவளுக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் ஓர் ஊரில் வேலை மாற்றலாம். அங்கே ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டாளாம். தரைத்தளம், வாசலில் ஒரு படிகூடக் கிடையாது, கோலூன்றியே வெளியில் போய் வரலாம், இரண்டு மாதத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். தம்பி சாவியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலுக்கு வந்து, "இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்க்கா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் போனதும் ஊசியில் நூல் கோத்தேன். நஷ்டஈடு, சதவீதம் எதுவும் அன்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் பின்னால் வக்கீல் சொன்னதைக் கேட்டபோது நான் செய்தது சரிதான் என்று தெரிந்துவிட்டது, இல்லையா? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆபரேஷன் விஷயத்தை அவனிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், உள்ளேதான் இருக்கிறான். கடிதத்தையும் தருகிறேன். ஆனால் நீங்கள் எதிர்க்கட்சி ஆள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பான். எதையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவன் நம்புவான், பதினான்கு மாதப் பழக்கம்.

பார்த்தீர்களா, கூப்பிடுகிறான். சாக்ஸ் போட்டுவிடச் சொல்வான். கால் மடங்காததால் பாதம் வரை கை எட்டாது. ஒரு நிமிடம் இருங்கள், போட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள் சார். பாவம், என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?